மருந்தும் மனமும்: தென்மராட்சியை முன்வைத்து யாழ்ப்பாணத்து வைத்திய மரபு பற்றிய ஒரு மறுநோக்கு

நாட்டு வைத்தியம் பற்றி நம்மிடையே வெளிவந்துள்ள எழுத்துக்களை ஒருசேர நோக்குமிடத்து, அவை இரு முனைகளிற் குவிந்து கிடப்பதை அவதானிக்கலாம். ஒருபுறம், சித்தர் வாக்கு என்ற ஒரே சான்றின் பலத்தில் ஒவ்வோர் இலையையும் சஞ்சீவியாக்கி விடும் எழுத்துக்கள். மறுபுறம், குடிநீரையும் தைலத்தையும் பேயோட்டலோடு ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவிடும் எழுத்துக்கள். முதல் வகையினர் மரபைப் போற்றுகின்றனர். ஏட்டைப் பிரித்துப் படிப்போர் அவருட் சிலரே. இரண்டாம் வகையினரோ, அவர்களுள் முற்போக்கு அணியைச் சார்ந்த நம்மவரும் உளர், தாம் நிராகரிப்பது எது என்பதை அறியும் சிரமத்தை ஏற்பதில்லை. அண்மைக்காலத்தில் இவ்விரு போக்குகளுக்கும் அப்பால் வாணிகம் புகுந்துள்ளது. மன அழுத்தம், உறக்கமின்மை, மனச்சோர்வு என்ற பெயர்ச்சீட்டுக்களுடன் வல்லாரையும் அமுக்கிராவும் குளிசைகளாகப் புட்டிகளில் அடைபட்டு விற்கப்படுகின்றன. மரபின் பெயரால் விற்கப்படும் இப்பொருளுக்கும் மரபுக்கும் உள்ள தொடர்பு யாது? நமது வைத்திய மரபு மனத்தின் நோவை எவ்வாறு விளங்கிக்கொண்டது? அதற்கு அது கொடுத்த மருந்து உண்மையில் எது? இவ்வினாக்களையே இங்கு நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

சாவகச்சேரியை மையமாகக் கொண்ட தென்மராட்சிப் பகுதியை முன்வைத்து இதனை நோக்குவதற்குக் காரணங்கள் உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கற்கை 1984இல் தொடங்கப்பட்டு நிலைகொண்டது இப்பகுதியின் கைதடியிலாகும். வலிகாமத்து மக்கள் 1995 ஒக்ரோபர் இறுதியில் ஓரிரவில் பெயர்ந்து வந்து சேர்ந்ததும் இங்கேதான். 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரம் ஏறக்குறைய முற்றாகவே சிதைந்தது. மூலிகை, நிறுவனம், துயரம் ஆகிய மூன்றும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் பிறிதொரு பகுதியைக் குடாநாட்டிற் காண்பது அரிது.

மொழியிலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ‘வருத்தம்’ என்பது நோயைக் குறிக்கும். ஒருவருக்கு வருத்தம் என்றால் அவர் பிணியுற்றிருக்கிறார் என்பதே பொருள். ‘வருத்தக்காரர்’ நோயாளி, ‘வருத்தம் பார்த்தல்’ நோயாளியைச் சென்று காணுதல். தமிழகத்து வழக்கில் இச்சொல் பெரும்பாலும் துயரத்தையும் மனக்குறையையுமே சுட்டி நிற்க, இங்கு அது காய்ச்சலுக்கும் கவலைக்கும் பொதுச்சொல்லாய் உள்ளது. மனத்தின் நோவைப் பிரித்துரைக்க வேண்டிய இடத்தில் மட்டுமே ‘மன’ என்ற அடை முன்வருகின்றது. உறக்கமும் பசியுங் கெட்டு ஒருவர் சோர்ந்திருக்கும் நிலைக்கு ‘யோசனை’ என்று பெயர். சிந்தனையைக் குறிக்கும் ஒரு சொல்லையே நோய்க்குறியாக்கிக் கொண்டது இவ்வழக்கு. பித்தம் என்ற உடற்கூற்றுச் சொல்லிலிருந்து பைத்தியம் பிறந்தது எல்லாரும் அறிந்ததே. இழப்பைச் சொற்களாற் சொல்லமாட்டாதவர் பெருமூச்சு, நெஞ்சடைப்பு, தலையிடி, கைகால் விறைப்பு என்று உடலின் மொழியிற் சொல்கின்றனர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் தமது மருத்துவப் பணியில் இதனைக் கண்டு எழுதியுள்ளனர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட போர்க்கால உளவடு பற்றிய ஆங்கில நூலும், பின்னர் 2007இல் கூட்டு உளவடு பற்றி எழுதிய கட்டுரையும் இத்துறையில் இன்றியமையாதவை.

மொழி உடலையும் மனத்தையும் பிரிக்கவில்லை என்பதனால் மரபு இரண்டையும் ஒருங்கே குணமாக்கியது என்று முடிவுகட்டி விடலாகாது. வழக்குச் சொல்லிலிருந்து வைத்திய வெற்றிக்குத் தாவும் இத்தவறு நம் எழுத்துக்களில் மலிந்துள்ளது. சொல் காட்டுவது நோக்குநிலையை மட்டுமே. அந்நோக்கு நடைமுறையில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதை நூல்களிலும் வாழ்விலுந்தான் தேடவேண்டும்.

யாழ்ப்பாணத்து வைத்திய நூல்களுள் முதன்மையானவை செகராசசேகரமும் பரராசசேகரமுமாகும். ஆரியச் சக்கரவர்த்திகள் மாறிமாறிச் சூடிய சிம்மாசனப் பெயர்களையே நூற்பெயர்களாகக் கொண்டவை இவை. 1619இல் அவ்வரசு போர்த்துக்கேயர் கைப்பட்டதன் பின்னரும் ஏடுகள் குடும்பங்களிற் கைமாறி வந்தன. அவற்றைத் தேடித் தொகுத்து 1920களின் பிற்பகுதி தொடக்கம் 1930களின் நடுப்பகுதி வரை பல பாகங்களாக அச்சேற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை. நமது பதிப்பு வரலாறு இலக்கண இலக்கிய ஏடுகளை அச்சிட்டோரை விரிவாகப் பேசுகின்றது. பொன்னையபிள்ளையின் உழைப்புக்கு அதிற் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. ஈழத்து இலக்கிய வரலாறுகளில் இவ்வைத்திய நூல்கள் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே வந்து போகின்றன. செய்யுளில் இருப்பதால் அறிவியலார் தொடுவதில்லை. மருந்தைச் சொல்வதால் இலக்கியத்தார் தொடுவதில்லை.

எனினும் இந்நூல்கள் ஏன் செய்யுளில் உள்ளன என்ற வினா இலக்கிய மாணவருக்கு உரியதேயாகும். மனனத்துக்கு வசதி என்பது வழமையான விடை. அது உண்மை, ஆயினும் பாதி உண்மை. சரக்கின் பெயர்களைப் பரிபாஷையில் மறைத்தும், அளவையும் பக்குவத்தையும் குருமுகமாய் அறிக என்று விடுத்தும் செல்லும் ஒரு செய்யுள், நினைவுக்குத் துணையாவது போலவே அறிவுக்குப் பூட்டாகவும் அமைகின்றது. அச்சிட்ட புத்தகம் கையிலிருந்தாலும் அதன் திறப்பு பரியாரியின் குடும்பத்திடமே இருந்தது. கண் வைத்தியம் ஒரு குடும்பத்துக்கு, விஷகடி இன்னொன்றுக்கு, முறிவு நெரிவு வேறொன்றுக்கு, செங்கமாரியும் விசரும் பிறிதொன்றுக்கு என்ற பாகுபாடு நிலமானிய சமூகத்தின் தொழிற்பிரிவுக்கு முற்றிலும் இயைந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கோ மருமகனுக்கோ சென்ற அவ்வறிவு, வாரிசு இல்லாத வீட்டில் ஏட்டோடு சேர்ந்து இறவாணத்தில் அழிந்தது.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் செய்த முயற்சி. 1847இல் வந்து 1873இல் இந்நாட்டை விட்டுச் சென்ற அவ்வமெரிக்க மிசன் மருத்துவர், தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறினர். 1867இல் இரண வைத்தியமும் 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1875இல் கெமிஸ்தமும் தமிழ் உரைநடையில் வந்தன. கிறீனின் மொழிபெயர்ப்புக்களை அறிவியல் தமிழின் முன்னோடியாக மட்டும் காண்பது வழக்கமாகிவிட்டது. அவற்றின் சமூகப் பொருளையும் நாம் மனங்கொள்ள வேண்டும். வைத்திய அறிவு குடும்பத்துக்கு வெளியே நிற்கும் ஒருவன் தானே வாசித்து அறியத்தக்க உரைநடையாக யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது இந்நூல்களாலேயாம். மிசனின் மதநோக்கு எதுவாயினும் அந்தப் பூட்டு அப்போது தளர்ந்தது. ஆனால் நோயாளியின் ‘யோசனை’க்கு அப்புதிய நூல்களில் இடமில்லாது போனதும் அதே காலத்தில் நிகழ்ந்ததே. உறுப்பு உறுப்பாக உடலை அறிந்த கல்வி, வருத்தம் என்ற ஒரு சொல்லை இரண்டாக வெட்டியது.

மனநோய் பற்றி ஏட்டு மரபு மௌனமாயிருந்ததில்லை. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனக்கோளாறுகளைப் பதினெட்டாகப் பிரித்து உரைக்கின்றது. அளவுக்கு மீறிய பேச்சு, பேச்சின்மை, சிரிப்பு, அழுகை, ஊணுறக்கங்களை வெறுத்தல் முதலிய குணங்களைக் கூர்ந்து நோக்கியே இத்தகைய பாகுபாடுகள் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். வாத பித்த ஐயங்களின் மிகைகுறை என்ற விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும், மனக்கோளாற்றைத் தெய்வக் குற்றமென்று முழுமையாக விட்டுவிடாது உடலின் இயல்பிற் காரணந் தேட முயன்ற பொருள்முதல் நோக்கு ஒன்று அதனுள் உண்டு என்பதை நாம் மறுக்கலாகாது. அந்நோக்கு தனித்து நின்றதில்லை என்பதும் உண்மை. அதே ஏடுகளில் கிரகதோஷமும் ஏவலும் அடுத்த செய்யுளிலேயே வருகின்றன. ஒரே பரியாரி காலையில் தைலங் காய்ச்சி மாலையில் நூல் கட்டினார்.

விசர் வைத்தியத்தின் நடைமுறையைப் பார்ப்போம். நோயாளியின் தலையை மழித்து உச்சியில் அரைத்த மூலிகைத் தப்பளம் வைத்தல், எண்ணெய் முழுக்கு, வயிறு கழியப் பேதி, புளியும் உப்பும் தவிர்த்த பத்தியம், வேளைக்கு உறக்கம் ஆகியன அதன் கூறுகள். சில பரியாரிமார் நோயாளியைத் தம் வளவிலேயே வைத்துப் பார்த்தனர். துணைக்கு உறவினர் ஒருவரும் தங்கினார். இதில் குணங்கொடுத்தது எது? தப்பளத்தின் இலையா, நாள்தோறும் ஒருவர் தலையைத் தொட்டு எண்ணெய் தேய்த்ததா, வேளைதவறாத உணவா, சண்டை மிகுந்த வீட்டை விட்டு அகன்றிருந்ததா? அக்காலத்தில் எவரும் இவ்வாறு பிரித்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. அதே வேளையில் அவ்வளவுகளிற் சங்கிலியும் இருந்தது. பிரம்படியும் மிளகாய்ப் புகையும் இருந்தன. மரபின் பரிவை நினைவுகூர்வோர் அதன் கொடுமையையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். அடிபட்டவர்கள் ஏடெழுதி வைக்கவில்லை என்பதனால் அவர்களின் சாட்சியம் இல்லாமற் போய்விடாது.

ஏட்டுக்கு வெளியே இருந்த வைத்தியமே நமது பொருளுக்கு மிக நெருங்கியது. அது பெண்கள் கையில் இருந்தது. பரராசசேகரம் கருப்ப நோய்க்கும் பாலர் நோய்க்கும் தனிப்பகுதிகள் கொண்டதே. ஆனால் பிள்ளைப்பேற்று அறைக்குள் இருந்தவர் பாடலாசிரியரல்லர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த மருத்துவிச்சியும், வீட்டின் மூத்த பெண்களுமே அங்கிருந்தனர். பிள்ளை பெற்றவளுக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி ஆகியவற்றை அம்மியில் மையாக அரைத்துச் சரக்குக் கறி ஆக்கினர்; நொச்சியும் வேம்பும் ஆடாதோடையும் இட்டு அவித்த நீரில் முழுக வார்த்தனர்; வேது பிடித்தனர். துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் வரையில் அவள் அடுப்படிக்குப் போவதில்லை, கிணற்றில் நீர் அள்ளுவதில்லை. துடக்கு என்ற கருத்துப் பெண்ணைத் தீட்டுடையவளாக்கியது. அதுவே அவளுக்கு ஒரு மாத ஓய்வையும் பெற்றுக் கொடுத்தது. இம்முரணை விளங்கிக்கொள்ளாத விமர்சனம் மேலோட்டமானதாகவே அமையும். பிரசவத்தின் பின்வரும் மனச்சோர்வு என்று இன்றைய மருத்துவம் பெயரிட்டு அழைக்கும் நிலையை அந்தப் பெண்கள் எப்பெயரால் அறிந்தனரோ, அதற்கு அவர்கள் கொடுத்தது சரக்குக் கறி மட்டுமல்ல. தாயின் வீடும், தனியே விடாத துணையும், வேலையிலிருந்து விடுதலையும் அதனோடு சேர்ந்தே கிடைத்தன. குளிசைப் புட்டியிற் சரக்கை அடைத்துவிடலாம். ஏனைய மூன்றையும் அடைப்பதற்கு வழியில்லை. இன்று குடும்பநல மாதரின் வருகையாலும் ஆசுபத்திரிப் பிரசவத்தாலும் தாய்மாரும் சிசுக்களும் உயிர் பிழைக்கின்றனர். அந்த ஆதாயத்தைப் பழம்பெருமைக்காக எவரும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் மருத்துவிச்சியின் கைப்பக்குவம் பதிவின்றி மறைந்தது. அவர்களில் ஒருவரின் பெயரேனும் நமது வைத்திய வரலாறுகளில் இல்லை.

மூலிகை எளியவரின் மருந்து, காசின்றிக் கிடைப்பது என்ற கருத்து இன்னும் நம்மிடையே வலுவாயுள்ளது. முற்போக்காளரும் இதனைச் சில வேளைகளிற் சொல்வதுண்டு. தென்மராட்சியின் ஒரு வளவை மனத்திற் கொண்டு இதனைச் சோதிக்கலாம். கிணற்றடியில் நீர் வழிந்தோடும் ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் படரும். வேலியில் முசுட்டையும் தூதுவளையும் முடக்கொத்தானும் ஏறும். கோடியில் வேம்பும் நொச்சியும் நிற்கும். இலைக்கஞ்சிக்கு வேண்டியன யாவும் இருபது யார் தூரத்துள் உள்ளன. ஆனால் இதற்குச் சொந்தக் காணி வேண்டும், சொந்தக் கிணறு வேண்டும், இலை ஆய்ந்து அரைப்பதற்கு வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் ஊதியமற்ற உழைப்பு வேண்டும். காணி உடையோரின் நிலத்தில் குடியிருந்து, பொதுக் கிணற்றில் தானே துலா மிதித்து அள்ளும் உரிமை மறுக்கப்பட்டு, குடத்தோடு காத்து நின்றவருக்கு இந்த ‘இயற்கை’ எட்டாத இயற்கை. எண்ணெய் முழுக்குக்கு வேண்டியது நல்லெண்ணெய் மட்டுமன்று. முழுகுவதற்கு வேண்டிய அளவு தண்ணீரும் ஆகும். அவர்களைப் பரியாரி எவ்வாறு பார்த்தார்? திண்ணைக்கு வெளியே முற்றத்தில் நிறுத்திப் பார்த்தார். நாடிசாத்திரம் தொடுகையை அடிப்படையாகக் கொண்டது. தொடுகையை மறுத்த சமூகத்தில் அச்சாத்திரம் எவ்வாறு முழுமையாகத் தொழிற்பட்டிருக்க முடியும்? 1966இல் சுன்னாகத்திலிருந்து எழுந்த ஊர்வலமும் 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் கோயிலையும் தேநீர்க்கடையையும் பற்றியன என்றே பதிவாகியுள்ளன. கிணற்றையும் சேர்த்துக்கொண்டால் அவை உடல்நலம் பற்றிய போராட்டங்களும் ஆகும். யாழ்ப்பாணத்து வைத்திய மரபு பற்றி எழுதியோர் இத்தொடர்பைப் பெரிதும் காணத் தவறிவிட்டனர்.

சித்திரை வருடப்பிறப்பில் தலைக்கு வைக்கும் மருத்துநீரையும் இங்கு குறிப்பிடலாம். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, வில்வம், அறுகு, மஞ்சள், திப்பிலி, சுக்கு, பால் முதலியன சேர்த்துக் காய்ச்சிக் கோயில்களில் வழங்கப்படும் நீர் அது. அவ்வாண்டுக்குப் பஞ்சாங்கம் விதித்த இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து மூத்தோர் கையால் வார்த்துக்கொள்வர். அதன் மருந்துக் குணம் பற்றி நாம் பெரிதாக எதுவும் கூறுவதற்கில்லை. ஆண்டில் ஒரு நாளேனும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் தலையிலும் முதியவர் கை படுகின்றது. அது சிறிய காரியமன்று.

இயற்கையானது எதுவோ அது தீங்கற்றது என்ற இன்னொரு கருத்தும் உண்டு. அதற்கு யாழ்ப்பாணத்தின் அண்மை வரலாறே கொடிய மறுப்பாய் நிற்கின்றது. பூசைக்குப் பூவெடுக்கவும் வேலி அழகுக்குமாக வீட்டுக்கு வீடு வளர்க்கப்பட்ட மஞ்சள் அலரி, 1980களின் தொடக்கத்திலிருந்து மனமுடைந்த இளைஞரும் பெண்களும் உயிர்மாய்க்க நாடும் நஞ்சாயிற்று. இங்கு 170 நோயாளரை ஆராய்ந்த கட்டுரையொன்று 1988இல் வெளிவந்தது. வடபகுதியில் அது ஒரு கொள்ளைநோய் போலப் பரவியதை 1999இல் வேறோர் ஆய்வும் எடுத்துரைத்தது. வல்லாரை படர்ந்த அதே வளவிலேதான் இம்மரமும் நின்றது. மனத்துயரின் மருந்துகளைப் பற்றிப் பேசுவோர் இதனைப் பேசாது கடந்துசெல்வதற்கு எதுவித நியாயமும் இல்லை. சொல்ல முடியாத துயரத்தைக் கேட்கும் ஒருவர் அருகிருந்திருப்பின் அம்மரணங்களுள் எத்தனையோ நேர்ந்திரா என்பதை நமது ஆசுபத்திரி மருத்துவர் நன்கறிவர்.

ஏட்டிற் சொல்லப்பட்ட மருந்துகளிலும் நஞ்சுண்டு. விஷகடிக்குப் பேர்போன ஆடுதீண்டாப்பாளையின் இனத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்றுநோய்க்குக் காரணமாவதும், 1990களின் தொடக்கத்தில் பெல்சியத்தில் உடல் மெலிவதற்கென அவ்வினச் செடி கலந்த மருந்தை உட்கொண்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நேர்ந்த கேட்டினால் உலகறிந்ததாயிற்று. அமுக்கிரா கலந்த பண்டங்களை டென்மார்க் அரசு 2023இல் தடைசெய்தது.

இதற்கு மறுதலையான வரலாறு ஒன்றும் உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் பித்துக்கு மருந்தென்பது இந்தியத் துணைக்கண்டத்து வைத்தியர் நெடுங்காலம் அறிந்திருந்தது. 1931இல் கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் அதனை மருத்துவ இதழொன்றில் எழுதினர், மேலுலகு செவிசாய்க்கவில்லை. 1949இல் பம்பாயின் ரஸ்தம் ஜால் வக்கீல் அவ்வேரின் குருதியழுத்தத் தணிப்பை எழுதியபின் கவனம் திரும்பியது. 1952இல் சுவிற்சலாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரிசேர்ப்பினைப் பிரித்தெடுத்தது. 1954இல் நேதன் கிளைன் நியூயோர்க்கில் உளநோயாளரிடையே அதன் பயனை அறிவித்தார். நவீன உளமருந்தியலின் வாயிலில் நின்ற இரண்டொரு பொருள்களுள் ஒன்று நமது வைத்தியரின் பையிலிருந்து போனதாகும். பின்னர் அது சிலரிடம் மனச்சோர்வை விளைத்ததென்ற குற்றச்சாட்டினாலும், மேலான மருந்துகளின் வருகையாலும் உளநோய்க்குப் பெரும்பாலும் கைவிடப்பட்டது. எல்லாம் எங்களிடம் இருந்தது என்போர் இவ்வரலாற்றின் முற்பாதியையும், எதுவும் இருக்கவில்லை என்போர் பிற்பாதியையும் மட்டும் சொல்வர். வேரைக் குணப்படுத்தும் பொருளாக நிறுவியது சோதனைச்சாலை. அதன் வரம்பையும் கேட்டையும் அறியத்தந்ததும் அதுவே. அச்சோதனைக்கு நமது ஏடுகளை உட்படுத்த மறுப்பது அவற்றை மதிப்பதாகாது.

போர் இம்மரபுக்குச் செய்தது என்ன என்பதை ஆராய்ந்த எழுத்துக்கள் மிகக் குறைவு. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாளிரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குள் வந்த இலட்சக்கணக்கானோர் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் மரநிழல்களிலும் தங்கினர். ஆறு மாதத்துள், 1996 ஏப்ரிலில், இராணுவம் தென்மராட்சிக்குள்ளும் வந்தது. 2000 மே மாதத்தில் சாவகச்சேரி புலிகள் வசமாகி, செப்ரெம்பரில் மீண்டும் இராணுவத்திடம் போனபோது நகரம் கற்குவியலாய்க் கிடந்தது. தென்மராட்சி மக்கள் தாமே இடம்பெயர்ந்தோராயினர். இடப்பெயர்வு வீட்டை மட்டும் பறிக்கவில்லை. கிணற்றடி போயிற்று, அம்மி போயிற்று, எந்த வேலியில் எந்தக் கொடி உண்டென்ற அறிவு பயனற்றதாயிற்று, ஏட்டுப்பெட்டி எரிந்தது. நாம் மேலே பிரித்துக் காட்டிய துணையும் ஓய்வும் உறவும், அவை மிகத் தேவைப்பட்ட வேளையிலேயே கிட்டாமற் போயின. பலருக்கு எஞ்சியது கொத்தமல்லிக் குடிநீர். அகதிமுகாமிலும் அதனை அவிக்க முடிந்தது. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலின் பங்குனித் திங்கட் பொங்கலுக்கு மக்கள் மீண்டும் திரண்டபோது, அங்கு மூட்டிய அடுப்புகளைப் பக்தி என்று மட்டும் எழுதிவிட்டுச் செல்லும் ஆய்வாளர் பாதியையே காண்கின்றனர். காணாமற்போனவரின் பெயரைச் சொல்லி அழுவதற்கு அச்சமின்றிக் கூடக்கூடிய இடங்கள் அக்காலத்தில் மிகச் சிலவே இருந்தன. உளமருத்துவர்கள் சடங்கையும் மரபுவழி ஆறுதல் முறைகளையும் தம் சிகிச்சையோடு இணைக்க முயன்றதை இப்பின்னணியிலேயே மதிப்பிட வேண்டும். அது மூடநம்பிக்கைக்குக் கொடுத்த சலுகையென்று கருதுவது சரியன்று.

நிறுவனங்களின் நிலை யாது? 1929இல் கொழும்பில் சுதேச மருத்துவக் கல்லூரி தோன்றியபோது ஆயுர்வேதத்தோடு சித்தமும் யுனானியும் அதில் இடம்பெற்றன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே சித்தத்தையும் யுனானியையும் தேசிய சிகிச்சையையும் அடக்கிற்று. சட்டத்தில் சித்தத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. 1978இல் அல்மா ஆத்தாவில் உலக சுகாதார மாநாடு மரபுவழி வைத்தியரையும் ஆரம்பச் சுகாதாரப் பணியிற் சேர்க்கலாமென அறிவித்து ஆறாண்டுகளின் பின், கைதடியில் பட்டக்கல்வி தொடங்கியது. குடும்பத்தின் பூட்டு பல்கலைக்கழகத்திற் திறக்கப்பட்டது என்ற அளவில் இது பெரும் முன்னேற்றமே. மருத்துவிச்சியின் பேத்தியும் அங்கு அனுமதி பெறலாம். எனினும் ஏட்டைக் கற்பிப்பதில் காட்டும் அக்கறை, ஏட்டுக்கு வெளியே இருந்த பெண்களின் வைத்தியத்தைச் சேகரிப்பதிற் காட்டப்படவில்லை என்பது நமது கருத்து. தமிழ்த்துறையும் சித்த மருத்துவத்துறையும் ஒரே பல்கலைக்கழகத்தினுள் இருந்துகொண்டு ஒன்றையொன்று அறியாதிருப்பது இதற்கு ஒரு காரணம். பாடபேதம் காணத் தெரிந்தவருக்குச் செடி தெரியாது; செடி தெரிந்தவருக்குப் பாடபேதம் காணத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. மனத்தெளிவுக்கும் நினைவாற்றலுக்கும் உரிய மருந்தாக வைத்திய நூல்களில் வல்லாரையும் பிரமியும் வருகின்றன. நமது வழக்கில் வல்லாரை, நிலத்திற் படர்ந்து சிறுநீரக வடிவில் இலை விடும் கீரை. சாவகச்சேரிச் சந்தையில் கட்டாக வாங்கி வீட்டில் சம்பல் அரைப்பது. நீர்ப்பிரமி சேற்றில் வளரும் சிறிய தடித்த இலைகளையுடைய வேறொரு செடி. வட இந்தியாவின் பல பகுதிகளிலோ பிராமி என்ற பெயரால் வல்லாரையையே வழங்குவர். இரண்டின் வேதிப்பொருள்களும் வேறு. வடமொழி வழிவந்த ஒரு செய்முறை யாழ்ப்பாணத்து ஏட்டிற் புகுந்திருப்பின், அதிற் பிரமி என்பது எந்த இலை? பிரதிசெய்தவர் பெயரை மாற்றினாரா, இலையை மாற்றினாரா? ஏடுகளை ஒப்புநோக்கி, செய்முறை வந்த வழியைக் கண்டு, ஊர்தோறும் முதிய பெண்கள் எவ்விலையை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று கேட்டெழுதி, அதன்பின்னரே அதனைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப முடியும். இல்லையேல் சோதிக்கப்படுவது ஏட்டின் மருந்தா வேறொன்றா என்பதே தெரியாது. புட்டியில் அடைத்து விற்போர் இக்கேள்வியைக் கேட்கப் போவதில்லை. கைதடியின் மூலிகைத் தோட்டமும் தமிழ்த்துறையின் நூலகமும் ஒரு பஸ் பயணத் தூரத்திலேயே உள்ளன. மீசாலையிலும் வரணியிலும் கச்சாயிலும் சரக்கரைத்த கைகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. அடுத்த ஆண்டுக்கான ஆய்வுத் தலைப்பைத் தேடும் மாணவர் ஒருவர் அங்கிருந்து தொடங்கலாம்.